மறுபடியும் சாலைக்கு வந்த பழைய பைக்: பெயர் யாருக்குச் சொந்தம் என்பதை ஆராயும் முறை

மைசூரில் 1961 முதல் ஜாவா பைக்குகளையும், 1973 முதல் யெஸ்டி என்ற பெயரில் தன் வண்டிகளையும் தயாரித்து வந்த ஐடியல் ஜாவா நிறுவனம் 1996இல் உற்பத்தியை நிறுத்தியது. 2001இல் அந்த நிறுவனத்தைக் கலைக்குமாறு, அதாவது சொத்துகளை விற்றுக் கடன்களைத் தீர்த்து மூடுமாறு, கர்நாடக உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. மஹிந்திரா குழுமம் பெரும்பான்மைப் பங்கு வைத்திருக்கும் கிளாசிக் லெஜண்ட்ஸ் நிறுவனம் 2022 ஜனவரியில் ரோட்ஸ்டர், ஸ்கிராம்ப்ளர், அட்வெஞ்சர் என்னும் மூன்று வண்டிகளோடு யெஸ்டி பெயரை மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு டிசம்பரில், அந்தப் பெயர் கலைப்பில் உள்ள பழைய நிறுவனத்துக்கே சொந்தம் என்று கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2025 நவம்பரில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, பெயரைப் பதிவு செய்து வைத்திருந்த, ஐடியல் ஜாவா நிறுவனரின் மகனான போமன் இரானிக்கும் கிளாசிக் லெஜண்ட்ஸ் நிறுவனத்துக்கும் சாதகமாக முடிவு சொன்னது.

ஒரே ஆவணக் கட்டைப் படித்தவர்கள் நேர் எதிரான இரண்டு முடிவுகளுக்கு வந்தார்கள் என்பதைக் கண்டு, சட்டம் குழம்பிக் கிடக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. பழைய பைக்கின் பெயருரிமையை ஆராய்பவர் நான்கு வரலாறுகளைத் தனித்தனியாக எழுதிப் பார்க்க வேண்டும்: பதிவேட்டின் வரலாறு, அந்தப் பெயரை வைத்திருந்த நிறுவனத்தின் வரலாறு, பெயர் சந்தையில் புழங்கிய வரலாறு, அது கைமாறிய வரலாறு. இந்த நான்கும் ஒத்துப்போகும் இடத்தில் வழக்கே எழாது. ஒன்றுக்கொன்று முரண்படும் இடத்தில்தான் எதற்கு எவ்வளவு எடை தருவது என்ற கேள்வி பிறக்கிறது. பழைய வண்டியை வைத்திருப்பவர், அதற்கு உதிரிபாகம் செய்து விற்பவர், மறைந்துபோன வேறொரு பெயரை உயிர்ப்பிக்க நினைப்பவர், சட்டம் படிக்கும் மாணவர் ஆகியோர் அந்த நான்கு வரலாறுகளையும் தாமே தொகுத்துக்கொள்ளும் வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கேள்வியைச் சரியாக வகுத்துக்கொள்ளுங்கள்

"ஜாவா யாருடையது?" என்று கேட்டால் விடை கிடைக்காது. எந்த நாட்டில், எந்தப் பொருளுக்கு, எந்த வடிவத்தில் என்ற மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும். வணிகச் சின்ன (டிரேட்மார்க்) உரிமை நாட்டு எல்லைக்கு உட்பட்டது. செக் நாட்டில் 1929இல் தொடங்கிய ஜாவாவின் பெயரை இந்தியாவில் பயன்படுத்துவதற்குக் கிளாசிக் லெஜண்ட்ஸ் அந்நாட்டு நிறுவனத்திடம் உரிமம் பெற்றது. 2018 நவம்பரில் ஜாவா வண்டிகள் இங்கே திரும்பி வந்தது அந்த உரிமத்தின் கீழ்தான். அதே நிறுவனம் பிரிட்டனைச் சேர்ந்த பழைய பைக் நிறுவனமான பிஎஸ்ஏவின் பெயரை விலை கொடுத்து வாங்கியது. யெஸ்டி பெயரோ, போமன் இரானி பெயரில் இருந்த பதிவின் வழியாக வந்தது. ஆக, ஒரே நிறுவனம் விற்கும் மூன்று பெயர்களுக்கு உரிமை மூன்று வேறு வழிகளில் வந்திருக்கிறது. பெரிய வழக்கு மூன்றாவது வழியில் மட்டும் எழுந்ததற்கான காரணமும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

ராயல் என்ஃபீல்டின் கதையும் இந்த எல்லைப் பிரச்சினையை விளக்கும். தாய் நிறுவனம் பிரிட்டனில் மூடப்பட்ட பின்னும் சென்னைத் திருவொற்றியூரில் புல்லட் உற்பத்தி நிற்காமல் நடந்தது. ஆயினும் பிரிட்டனில் அந்தப் பெயரின் உரிமைகளை வாங்கி உதிரிபாகங்கள் செய்து வந்தவர்களின் குடும்பம், இந்திய நிறுவனத்தின் உரிமையாளரான ஐஷர் குழுமம் அங்கே பெயரைப் பதிவு செய்ய முனைந்தபோது எதிர்த்தது. இறுதியில் முடிவு இந்திய நிறுவனத்தின் பக்கம் வந்தது. இந்தியாவில் யாரும் கேள்வி எழுப்பாத ஒரு பெயருக்காக இன்னொரு நாட்டில் தனியே வாதாட வேண்டியிருந்தது என்பதை மனதில் இருத்திக்கொள்ளுங்கள்.

பொருளைப் பொறுத்தவரை, பதிவேட்டில் பைக்குகளும் வாகனங்களும் 12ஆம் வகுப்பில் வரும். தலைக்கவசம் 9ஆம் வகுப்பு, சட்டை, ஜாக்கெட் முதலியவை 25ஆம் வகுப்பு, பொம்மை வண்டிகள் 28ஆம் வகுப்பு, பழுதுபார்க்கும் சேவை 37ஆம் வகுப்பு. ஒருவர் 25ஆம் வகுப்பில் பெற்ற பதிவைக் காட்டி "பெயர் என்னுடையது" என்று சொன்னால், அது டி-ஷர்ட்டைப் பற்றிய பேச்சே தவிர வண்டியைப் பற்றியதன்று. வடிவமும் முக்கியம்: வெறும் எழுத்துகளாகப் பதிவான சொல்லும், பெட்ரோல் டாங்கியின் மேல் ஒட்டப்படும் இலச்சினையும் தனித்தனிப் பதிவுகளாக இருக்கலாம்.

பதிவேட்டைப் படிக்கும் விதம்

இந்திய வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் பொதுத் தேடல் வசதி உண்டு; பெயரையும் வகுப்பு எண்ணையும் கொடுத்தால் விண்ணப்பங்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றையும் திறந்து விண்ணப்பதாரர், விண்ணப்ப நாள், பயன்பாடு தொடங்கியதாகக் கோரும் நாள், தற்போதைய நிலை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு அவசியம் செய்ய வேண்டிய, ஆனால் பலர் செய்யாத காரியம் ஒன்று உண்டு: அந்த விண்ணப்பத்தோடு இணைக்கப்பட்ட ஆவணங்களைப் படிப்பது. பதிவகம் எழுப்பிய ஆட்சேபம், அதற்கு விண்ணப்பதாரர் தந்த பதில், உறுதிமொழிப் பத்திரம் ஆகியவை பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும். பெயரைத் தாம் எப்படி அடைந்தோம் என்று விண்ணப்பதாரர் தம் வாயால் சொன்ன கதை அந்தப் பதிலில்தான் இருக்கும். பின்னாளில் நீதிமன்றத்தில் அவர் சொல்லும் கதை அதனோடு பொருந்துகிறதா என்பதை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கட்டாயம் ஒப்பிடுவார்.

பயன்பாடு தொடங்கிய நாள் என்ற கட்டத்தில் வரும் தேதி விண்ணப்பதாரரின் கூற்று மட்டுமே. 2013இல் விண்ணப்பித்த ஒருவர் 1970களின் தேதியைக் குறிப்பிட்டிருந்தால், அந்தக் காலத்துப் பயன்பாடு தம்முடையதா, மூடிய நிறுவனத்துடையதா, நிறுவனத்துடையது என்றால் அது தமக்கு எந்தப் பத்திரத்தின் வழியே வந்தது என்று அவர் காட்ட வேண்டும். முன்னைய பயன்பாட்டைக் கோருபவர் அதற்கான ஆதாரங்களோடு உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு விதிகள் கேட்கின்றன. "இனிமேல் பயன்படுத்த உத்தேசம்" என்று எழுதியிருந்தால், அவர் பழைய நிறுவனத்தின் வரலாற்றைத் தம்முடையதாகக் கோரவில்லை என்று பொருள்படும். அப்போது அவருடைய வாதம் வேறு திசையில் போகும்.

இனி, பழைய நிறுவனத்தின் பதிவு என்ன ஆயிற்று என்று பாருங்கள். 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டம் 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். அதற்கு முந்தைய 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்தக் காலம் 7 ஆண்டுகள். பழைய பைக் நிறுவனங்களின் பதிவுகளைப் பின்தொடரும்போது இரண்டு கணக்குகளும் கலந்து வரும் என்பதால், ஒவ்வொரு புதுப்பித்தலையும் தேதியோடு எழுதிப் பாருங்கள். காலம் முடிந்து ஆறு மாதத்துக்குள் கூடுதல் கட்டணத்தோடு புதுப்பிக்கலாம்; அதையும் விட்டால், ஓராண்டுக்குள் மீட்டெடுக்க விண்ணப்பிக்கலாம்.

பதிவேட்டில் ஒரு சின்னம் நீக்கப்பட்டதாகக் காணப்பட்டால் அத்தோடு எல்லாம் முடிந்துவிட்டதென்று எண்ண வேண்டாம். நீக்குவதற்கு முன் உரிமையாளருக்குப் பதிவாளர் முறையான அறிவிப்பு அனுப்பியாக வேண்டும். பழைய விதிகளில் ஓ-3 படிவம் என்று அழைக்கப்பட்ட அந்த அறிவிப்பு அனுப்பப்படாத நீக்கங்கள் செல்லாது என்று டெல்லி, மும்பை உயர் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன. மூடிய தொழிற்சாலையின் வாசலுக்கு அனுப்பிய கடிதம் யார் கையில் சேர்ந்தது, கலைப்பாளருக்கு (மூடப்படும் நிறுவனத்தின் சொத்துகளைக் கவனிக்கும் அதிகாரிக்கு) அனுப்பப்பட்டதா என்பவையெல்லாம் இங்கே உயிரான கேள்விகள். மேலும், நீக்கப்பட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் வேறொருவர் விண்ணப்பித்தால், பழைய சின்னம் பதிவேட்டில் இருப்பதாகவே கருதப்படும் என்கிறது 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 26. ஆனால் நீக்கத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் உண்மையான வணிகப் பயன்பாடு இல்லை என்றால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. 1996இலேயே உற்பத்தி நின்றுபோன ஒரு பெயருக்கு இந்த விதிவிலக்கு எவ்வளவு கடுமையானது என்று எண்ணிப் பாருங்கள்.

நிறுவனத்தின் வாழ்வும் கலைப்பும்

யெஸ்டி வழக்கு முழுவதும் சுழன்ற அச்சு இதுதான். ஆகவே இந்தப் பகுதியில் அதிக நேரம் செலவிடுங்கள்.

கலைப்பு ஆணை பிறந்த பிறகு நிறுவனத்தின் சொத்துகள் நீதிமன்றத்தின் காவலில் இருப்பதாகக் கருதப்படும். பழைய கலைப்பு வழக்குகளுக்குப் பொருந்தும் 1956ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் பிரிவு 456 இதைச் சொல்கிறது. அதே சட்டத்தின் பிரிவு 536, கலைப்பு தொடங்கிய பின் நீதிமன்ற அனுமதியின்றிச் செய்யப்படும் சொத்து மாற்றங்கள் செல்லாது என்கிறது. கலைப்பு என்பது ஆணை பிறந்த நாளிலிருந்து அல்லாமல், மனுத் தாக்கல் செய்யப்பட்ட நாளிலிருந்தே தொடங்கியதாகக் கணக்கிடப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள்; இடைப்பட்ட காலத்தில் கையெழுத்தான ஒரு பத்திரம் இந்த ஒரு காரணத்தாலேயே விழுந்துவிடக்கூடும்.

நிலம், கட்டடம், இயந்திரம் ஆகியவற்றைக் கலைப்பாளர் பட்டியலிட்டு, மதிப்பிட்டு, ஏலம் விடுவார். பெயரும் ஒரு சொத்துதான் என்றாலும் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. புதுப்பிக்க யாராவது பணம் கட்டினால்தான் பதிவேட்டில் நிற்கும். வங்கிக் கடனும் தொழிலாளர் பாக்கியும் நிலுவையில் இருக்கும் நிறுவனத்தில், வண்டியே தயாரிக்காத ஒரு பெயரைப் புதுப்பிக்க வேண்டும் என்று நினைப்பவர் அரிது. எனக்கு இந்த விஷயத்தில் ஆழ்ந்த வருத்தம் உண்டு: மைசூர்த் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் உழைத்தவர்கள் அந்தப் பெயருக்கு மதிப்பைச் சேர்த்தார்கள், 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொழிலாளர் பாக்கிக்கும் பிணையுள்ள கடன்களுக்கும் சம முன்னுரிமை உண்டு. பெயரை உரிய நேரத்தில் விற்றிருந்தால், அந்தத் தொகையில் அவர்களுக்கும் பங்கு போயிருக்கும். ஆகவே, பழைய பெயருக்குச் சொந்தக்காரர் யார் என்ற கேள்வியை இரண்டு முதலாளிகளுக்கு இடையிலான சண்டையாக மட்டும் பார்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தேட வேண்டிய ஆவணங்கள் இவை: கம்பெனி விவகாரத் துறையின் தளத்தில் நிறுவனத்தின் நிலை, உயர் நீதிமன்றத்தின் இணையதளத்தில் கம்பெனி மனுவின் எண்ணும் அதில் பிறந்த இடைக்கால ஆணைகளும், இயக்குநர்கள் கலைப்பாளரிடம் தாக்கல் செய்த சொத்து, கடன் விவர அறிக்கை, கலைப்பாளரின் அறிக்கைகள், நாளிதழ்களில் வந்த ஏல அறிவிப்புகள். விவர அறிக்கையில் வணிகச் சின்னம் சொத்தாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். காட்டப்பட்டிருந்தால், அதற்குப் பிறகு பெயரைத் தம் சொந்தப் பெயரில் பதிவு செய்துகொண்ட எவருக்கும் விளக்கம் சொல்லும் பொறுப்பு கூடுகிறது. காட்டப்படாவிட்டால், கலைப்பாளர் பின்னாளில் உரிமை கோருவது பலவீனப்படுகிறது. 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின் கீழ் வரும் புதிய வழக்குகளில், அறிவுசார் சொத்தும் கலைப்புச் சொத்தில் அடங்கும் என்று பிரிவு 36 வெளிப்படையாகவே சொல்லிவிட்டதால், இந்தக் குழப்பத்துக்கு இடம் குறைவு.

நிறுவனரின் மகன், குடும்பத்தார் என்ற உறவு மட்டும் பெயருரிமையைத் தராது. பங்குகள் வாரிசுக்குப் போகும். நிறுவனத்தின் சொத்து நிறுவனத்துடையதாகவே இருக்கும். பெயர் தொடக்கத்திலிருந்தே குடும்பத்தின் தனிச் சொத்து, நிறுவனத்துக்குப் பயன்படுத்த அனுமதி மட்டுமே தரப்பட்டது என்று ஒருவர் வாதிட்டால், அந்த அனுமதிப் பத்திரத்தையோ பழைய பதிவின் உரிமையாளர் கட்டத்தையோ காட்டச் சொல்லுங்கள்.

பயன்பாடும் நற்பெயரும்

இந்தியச் சட்டத்தில் பதிவைக் காட்டிலும் முன் பயன்பாட்டுக்கே முதலிடம். திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வாவின் பெயரைப் பற்றிய வழக்கில், பதிவு பெற்றவருக்கு எதிராகக்கூட முன்பிருந்தே பயன்படுத்தி வருபவரின் உரிமை மேலோங்கும் என்பதை உச்ச நீதிமன்றம் 2015இல் மீண்டும் உறுதிப்படுத்தியது. ஆனால் அந்தக் கடை ஒரு நாளும் பெயரைக் கைவிடவில்லை. பயன்பாடு நின்று இருபது ஆண்டுகளுக்கு மேலான ஒரு பைக்குக்கு அதே கொள்கையை எப்படிப் பொருத்துவது என்பதே நம் சிக்கல்.

இரண்டு பக்கத்துக்கும் துணைநிற்கும் தீர்ப்புகள் உண்டு. வேர்ல்பூல் நிறுவனத்தின் இந்தியப் பதிவு 1977இல் காலாவதியானது. 1986இல் வேறொருவர் அதே பெயரைப் பதிவு செய்ய விண்ணப்பித்தார். ஆயினும் விளம்பரங்கள் வழியாகவும் வெளிநாட்டு விற்பனை வழியாகவும் பழைய நிறுவனத்தின் நற்பெயர் இங்கே உயிரோடு இருந்தது என்று கொண்டு, 1996இல் உச்ச நீதிமன்றம் அதன் பக்கம் நின்றது. பதிவு போனாலும் நற்பெயர் தங்கும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் வேர்ல்பூல் உலகில் வேறெங்கோ தொடர்ந்து தொழில் நடத்திக்கொண்டிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 2003இல் ஸ்பார்ட்டன் பெயிண்ட் வழக்கில், இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் பயன்படுத்த முடியாமல் போனதைக் கைவிட்டதாகக் கருத முடியாது, கைவிடும் எண்ணமும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. தொழில் சூழல் காரணமாகப் பயன்படுத்த இயலாமல் போனதும், பணமின்றித் தொழிலையே மூடியதும் ஒன்றாகுமா? என் மதிப்பீட்டில், இதுதான் இத்தகைய வழக்குகளிலேயே கடினமான கேள்வி.

வணிகச் சின்னங்கள் சட்டத்தின் பிரிவு 47இன்படி, பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்து தொடர்ந்து ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ, நீக்கல் மனுவுக்கு மூன்று மாதங்கள் முந்தைய தேதி வரை, உண்மையான பயன்பாடு இல்லாத சின்னத்தை நீக்கக் கோரலாம். வணிகத்தின் சிறப்புச் சூழ்நிலைகள் காரணமாக இருந்தால் விலக்கு உண்டு. இது தானாக நடப்பதன்று. யாரோ ஒருவர் மனு போட வேண்டும். முன்பு இத்தகைய மனுக்களை விசாரித்த மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டதால், இப்போது பதிவாளரிடமோ உயர் நீதிமன்றத்திடமோ போக வேண்டும்.

யெஸ்டியின் பழைய ரோட்கிங் வண்டிகள் இன்றும் ஓடுகின்றனவே, ஆண்டுதோறும் ரசிகர்கள் திரண்டு ஊர்வலம் போகிறார்களே, அது பயன்பாடு ஆகாதா என்று பலர் கேட்பதுண்டு. அந்த அன்பை நான் மதிக்கிறேன். அந்தப் பெயர் மக்களின் நினைவில் நின்றதற்கே அவர்கள்தான் காரணம். ஆனால் சட்டம் கேட்கும் பயன்பாடு உரிமையாளரின் வணிகப் பயன்பாடு. ஏற்கனவே விற்றுப்போன வண்டி சாலையில் ஓடுவது மக்களின் நினைவைக் காட்டும். அந்த நினைவைத் தொடர்ந்து சுமந்து செல்ல ஒரு தொழில் இருந்ததா என்பதையே நீதிபதி தேடுவார். உதிரிபாக விற்பனை, பழுதுபார்க்கும் சேவை, பெயரை உரிமத்துக்கு விடுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நிறுவனத்தின் பெயரில் நடந்ததற்கான விலைப்பட்டியல் கிடைத்தால், அது ஆயிரம் ரசிகர்களின் சாட்சியத்தைவிட வலியது.

கைமாறிய சங்கிலி

முதல் உரிமையாளரிலிருந்து இன்று உரிமை கோருபவர் வரை ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பத்திரம் இருக்க வேண்டும். தொழிலின் நற்பெயரோடு சேர்த்து மாற்றப்பட்டதா, நற்பெயர் இல்லாமல் பெயர் மட்டும் மாற்றப்பட்டதா என்று பாருங்கள். இரண்டாவது வகையானால், பிரிவு 42இன்படி ஆறு மாதத்துக்குள் பதிவாளரை அணுகி, அவர் சொல்கிறபடி விளம்பரம் செய்தாக வேண்டும். பதிவேட்டில் பதியப்படாத மாற்றத்தை நீதிமன்றம் ஆதாரமாக ஏற்பது கடினம்.

சங்கிலி அறுந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் இண்டியன் மோட்டார்சைக்கிளைவிடப் பெரிய எடுத்துக்காட்டு இல்லை. மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் 1901இல் தொடங்கிய அந்த நிறுவனம் 1953இல் உற்பத்தியை நிறுத்தியது. அதன்பின் அந்தப் பெயர் பலருடைய கைகளுக்குப் போய், ஒரே நேரத்தில் பலர் உரிமை கோரும் நிலை வந்தது; 1990களில் அதைக் காட்டி முதலீடு திரட்டிய ஒருவர் மோசடிக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். கொலராடோ ஃபெடரல் நீதிமன்றம் நியமித்த ரிசீவர் (சொத்துப் பொறுப்பாளர்) உரிமைகளை ஒன்றுதிரட்டிய பிறகுதான் 1999இல் கலிஃபோர்னியாவின் கில்ராயில் உற்பத்தி தொடங்க முடிந்தது. அந்த நிறுவனமும் 2003இல் திவாலாகி, பெயர் வேறு கைக்கு மாறி, 2011இல் போலாரிஸ் நிறுவனத்திடம் வந்து நிலைத்தது.

இதற்கு மாறாக, 2020 ஏப்ரலில் ஓசூரின் டிவிஎஸ் நிறுவனம் பிரிட்டனின் பைக் நிறுவனமான நார்ட்டனை வாங்கிய விதத்தைப் பாருங்கள். திவால் நிர்வாகிகளிடமிருந்து, 1.6 கோடி பவுண்டுக்கு, சொத்துகளையும் பெயர்களையும் சேர்த்து வாங்கியது. அந்த விலையில் ஒரு பகுதி பிற்கால வழக்கைத் தவிர்ப்பதற்கான செலவு என்றே நான் கருதுகிறேன்.

இரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் படித்தல்

நான்கு வரலாறுகளையும் எழுதி முடித்த பின் தீர்ப்புகளைத் திறந்தால், எந்த வரலாற்றுக்கு எவர் எடை கொடுத்தார் என்பது தெளிவாகத் தெரியும். 2022ஆம் ஆண்டுத் தீர்ப்பு நிறுவனத்தின் வரலாற்றைப் பிடித்துக்கொண்டது: பெயர் ஐடியல் ஜாவாவின் சொத்து, கலைப்பில் இருப்பதால் நீதிமன்றத்தின் காவலில் உள்ளது, இடையில் வேறொருவர் பெற்ற பதிவுகள் செல்லாது, அவற்றை ரத்து செய்ய வேண்டும், பெயரைப் பயன்படுத்தக் கூடாது. மேல்முறையீட்டுக்கு வாய்ப்பளிக்கும் விதமாக அந்த ஆணை நிறுத்திவைக்கப்பட்டதால் வண்டி விற்பனை தொடர்ந்தது. 2025ஆம் ஆண்டுத் தீர்ப்பு பதிவேட்டின் வரலாற்றையும் பயன்பாட்டின் வரலாற்றையும் முன்வைத்தது: பழைய பதிவு புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது, 1996க்குப் பிறகு பயன்பாடு இல்லை, ஆகவே காவலில் வைத்துக்கொள்ள நிறுவனத்திடம் உரிமை ஏதும் மிஞ்சவில்லை.

முதல் தீர்ப்பின் பலம், கலைப்பில் உள்ள நிறுவனத்தின் கையறுநிலையை வேறொருவர் தமக்கு ஆதாயமாக்கிக்கொள்ளக் கூடாது என்ற அதன் அக்கறையில் இருக்கிறது. இரண்டாம் தீர்ப்பின் பலமோ, உறங்கும் உரிமையைச் சட்டம் காலவரையின்றிக் காக்காது என்ற நெடுநாளைய கொள்கையில் இருக்கிறது. வணிகச் சின்னச் சட்டத்தின் அடிப்படையில் மட்டும் பார்த்தால் இரண்டாவதே உறுதியான வழி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கலைப்பு நடக்கும்போதே பெயரை மதிப்பிட்டு விற்கும் வழக்கம் நம் நாட்டில் வேரூன்றாதவரை, தொழிலாளர்களின் பங்கு இப்படியே கரைந்துகொண்டிருக்கும் என்ற கவலையும் எனக்கு நீங்கவில்லை. இத்தீர்ப்புகளை எதற்காவது நம்பிச் செயல்படுவதற்கு முன், உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு ஏதும் உள்ளதா என்பதை வழக்கு நிலைப் பக்கத்தில் அன்றைய தேதிக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலைக்கு ஏற்பச் செய்ய வேண்டியவை

வண்டி வாங்குபவருக்கு: பெயர் வழக்கால் உங்கள் வண்டியின் பதிவுச் சான்றிதழுக்கோ காப்பீட்டுக்கோ குந்தகம் வராது. தடை ஆணை வந்தால் அந்தப் பெயரில் புதிய விற்பனை நிற்கும். உத்தரவாதம் தந்த நிறுவனத்தின் கடமை அப்படியே நிற்கும். ஆகவே உத்தரவாதச் சீட்டில் கையெழுத்திட்ட நிறுவனத்தின் முழுப் பெயரைப் பாருங்கள். டாங்கியின் மேலுள்ள பெயரை நம்பி அலைய வேண்டாம்.

உதிரிபாகம் செய்பவருக்கும் பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் பட்டறைக்காரருக்கும்: "யெஸ்டி ரோட்கிங் வண்டிக்குப் பொருந்தும்" என்று நேர்மையாகக் குறிப்பிடுவதைப் பிரிவு 30 அனுமதிக்கிறது. அதே பொருளின் மேல் பழைய இலச்சினையை அச்சிட்டு, அசல் நிறுவனத்தின் பொருள்போல் விற்பது வேறு விஷயம். பெயருரிமை வழக்கில் இருக்கும்போது, இரண்டு தரப்பில் யார் வென்றாலும் உங்கள்மீது நடவடிக்கை எடுக்கலாம். பெட்டியில் உங்கள் கடையின் பெயரைப் பெரிதாகவும், பொருந்தும் வண்டியின் பெயரைச் சாதாரண எழுத்திலும் போடுங்கள்.

மறைந்த பெயரை உயிர்ப்பிக்க நினைப்பவருக்கு: பதிவேட்டில் பெயர் காலியாகத் தெரிகிறது என்பதற்காக உடனே விண்ணப்பிக்காதீர்கள். பழைய நிறுவனம் கலைப்பில் இருந்தால் கலைப்பாளருக்கு எழுதுங்கள். அந்தப் பெயர் சொத்தாகக் கருதப்படுகிறதா என்று எழுத்தில் விடை கேளுங்கள். கருதப்படுமானால் நீதிமன்ற அனுமதியோடு வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அந்தப் பதிலையே ஆதாரமாகப் பத்திரப்படுத்துங்கள். விண்ணப்பத்தில் பழைய நிறுவனம் இருந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். விண்ணப்பம் வணிகச் சின்ன இதழில் வெளியானதும் எதிர்ப்புத் தெரிவிக்க நான்கு மாதங்கள் உண்டு. அந்தக் காலத்தில் யாரும் எதிர்க்காதது உங்களுக்குச் சாதகமே தவிர, முழுப் பாதுகாப்பன்று. முன்னைய உரிமையாளர் தெரிந்தே தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வாளாவிருந்தால், பிரிவு 33இன்படி அவர் உங்கள் பதிவைத் தாக்க முடியாது. ஆனால் நீங்கள் நல்லெண்ணத்தோடு விண்ணப்பித்திருக்க வேண்டும். கலைப்பாளருடனான கடிதப் போக்குவரத்து உங்கள் கோப்பில் இருந்தால், அந்த நல்லெண்ணத்துக்கு அதுவே சாட்சி.

எதிர்க்கும் நிலையில் இருப்பவர், அதாவது பழைய நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவரோ அதன் தொழிலாளர் சங்கமோ, காத்திருக்கவே கூடாது. வாரந்தோறும் வெளியாகும் வணிகச் சின்ன இதழில் 12ஆம் வகுப்பைப் பார்த்து வாருங்கள். அந்தப் பெயரில் விண்ணப்பம் வந்தால் உடனே கலைப்பாளருக்குத் தெரிவித்து, நான்கு மாதத்துக்குள் டிஎம்-ஓ படிவத்தில் எதிர்ப்பைத் தாக்கல் செய்யும்படி எழுத்தில் கேளுங்கள். அவர் தயங்கினால், அவருக்கு உத்தரவிடக் கோரி, கலைப்பை மேற்பார்க்கும் கம்பெனி நீதிமன்றத்தில் மனு செய்யுங்கள். பதிவு இன்னும் உயிரோடு இருந்தால் புதுப்பித்தல் கட்டணத்தைக் கட்டுவதற்கும் அதே மனுவில் அனுமதி கேட்டுக்கொள்ளலாம்.